இருபத்திரண்டு நிமிடமும் நாலு மாதமும்

விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் மின்ட் என் அலுவலகக் கணினியில் ஏறி முடிக்க 22 நிமிடம் ஆனது. கீழே கடையில் சொல்லிவிட்ட டீ வருவதற்குள் டெஸ்க்டாப் வந்து, வைஃபை தானாகப் பிடித்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கணினியில் முழுசாக வேலை பார்க்க ஆரம்பிக்க நாலு மாதம் ஆனது. இன்ஸ்டால் செய்வது எப்படி என்று தமிழிலேயே ஏகப்பட்ட வீடியோ கிடக்கிறது, அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. இது அந்த நாலு மாதக் கதை.

முதலில் என் பிழைப்பு. மொழிபெயர்ப்பும் பக்க வடிவமைப்பும். கிரயப் பத்திரம், கோர்ட் தீர்ப்பு, கம்பெனிகளின் பயிற்சிக் கையேடு, இடையிடையே சிறு பதிப்பகங்களுக்குப் புத்தக லேஅவுட். மதுரையில் ஒரு மாடி அறை, இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், நான், அப்புறம் அக்கா. அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு இருபத்தைந்து வருடமாகத் தமிழ் அடித்துக்கொண்டிருப்பவர். அவர் கை விசைப்பலகையில் ஓடும் சத்தத்தை வைத்தே கையெழுத்துப் பிரதி தெளிவாக இருக்கிறதா கிறுக்கலா என்று சொல்லிவிடலாம்.

மாறியதற்குப் பெரிய கொள்கை ஒன்றும் காரணமில்லை. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்று திரையில் வந்துகொண்டே இருந்தது. என் கணினி 2016-ல் வாங்கியது, ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. பாதுகாப்பு அப்டேட்டை ஒரு வருடம் நீட்டித்துக்கொள்ள வழி இருந்தது, ஆனால் ஒரு வருடம் கழித்தும் இதே இடத்தில்தானே நிற்கப்போகிறேன். 8 ஜிபி ராம், நடுவில் நானே வாங்கிப் போட்ட எஸ்எஸ்டி, ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிற மிஷினை எடைக்குப் போட மனசு வரவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் பக்கத்து டிடிபி கடைக்காரர் கேட்டார், "அதுல என்னண்ணே லாபம்?" இலவசம் என்றேன். "விண்டோஸுக்கு மட்டும் நாம என்னைக்குண்ணே காசு கொடுத்தோம்?"

நியாயமான கேள்வி. அசெம்பிள் செய்து கொடுத்தவரே விண்டோஸையும் போட்டு, பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கரையும் போட்டு, போகிற போக்கில் இரண்டு விளையாட்டையும் போட்டுக் கொடுத்த காலத்தில் தொழிலுக்கு வந்தவர்கள் நாங்கள். காசே கொடுக்காதவனிடம் போய் இது இலவசம் என்றால் அவன் ஏன் அசையப்போகிறான்? ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் சுதந்திரத்துக்கும் "ஃப்ரீ" என்று ஒரே சொல்லாக இருப்பதால், 1983-ல் க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்த ஸ்டால்மன் அந்தக் குழப்பத்தை விளக்கியே காலம் தள்ளுகிறார். தமிழில் அந்தத் தொல்லை இல்லை, "கட்டற்ற மென்பொருள்" என்று அழகாகச் சொல்லிவிடலாம். ஆனால் நம் ஊரில் வேறு தொல்லை. லினக்ஸ் என்றாலே, "கவர்மென்ட் லேப்டாப்ல வருமே, அதா?" என்கிறார்கள். 2011-ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்து லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. என் சொந்த அக்கா மகனுக்கு வந்ததில் அவன் முதலில் செய்த காரியம் அதைக் கடையில் கொடுத்து அழிக்கச் சொன்னதுதான். இடம் அடைக்கிறதாம்.

எனக்கு லினக்ஸ் முற்றிலும் புதிது என்றும் சொல்ல முடியாது. 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றுகிறது என்று பத்திரிகையில் படித்துவிட்டு ஆசை வந்து, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ்காரர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் சிடி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது, நானும் எழுதிப் போட்டேன். சில வாரம் கழித்துத் தபால்காரர் வெளிநாட்டு உறை ஒன்றைக் கொடுத்துவிட்டு யார் அனுப்பியது என்று நின்று விசாரித்தார். ஒரு பைசா கேட்காமல் கடல் தாண்டி எனக்கு ஒருவன் சிடி அனுப்பியிருக்கிறான் என்பதை அவரும் நம்பவில்லை, வீட்டிலும் நம்பவில்லை. போட்டுப் பார்த்தேன். யூஎஸ்பி மோடம் வேலை செய்யவில்லை. மோடத்தை வேலை செய்ய வைக்க இணையத்தில் தேட வேண்டும், இணையத்துக்கு மோடம் வேண்டும். மூன்றாம் நாள் விட்டுவிட்டேன். சிடி உறை மட்டும் ரொம்ப நாள் அலமாரியில் இருந்தது.

இந்த முறை அப்படி ஒரேயடியாகக் குதிக்கவில்லை. ஜூன் மாதம் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே மின்ட் 22-ஐப் போட்டு, கணினி எழும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். முதல் ஆச்சரியம் கடிகாரம். காலை பத்து மணிக்கு விண்டோஸுக்குள் போனால் அது நாலரை என்கிறது. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் ஓடுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதில் உலக நேரத்தை எழுதிவைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இந்தியாவின் ஐந்தரை மணி நேரம். பேட்டரி போய்விட்டது என்று நினைத்து ஒரு பட்டன் செல் வாங்கிப் போட்டேன், வீண் செலவு. கட்டளையை எழுத்தாக அடிக்கிற டெர்மினலில் ஒரே ஒரு வரி போதும் என்று அப்புறம் தெரிந்தது.

அக்காவின் முதல் கேள்வி வேறு. "தம்பி, இதுல ரிஃப்ரெஷ் எங்க?" விண்டோஸ் பழகிய நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் இந்தப் பழக்கம் உண்டு: கணினி எழுந்ததும் வெறும் திரையில் வலது கிளிக் செய்து நாலு முறை ரிஃப்ரெஷ், அப்போதுதான் வேலை தொடங்கும், கோயிலுக்குள் நுழையும்போது படியைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி. மின்ட் டெஸ்க்டாப்பின் வலது கிளிக்கில் அது இல்லை. அது இல்லாமலும் ஒன்றும் ஆகாது அக்கா என்று சொன்னதற்கு அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு முழுவதும் ஏதோ விட்டுப்போன முகத்தோடே இருந்தார்.

விசைப்பலகைதான் பெரிய பயம். நான் அடிப்பது தமிழ்99. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற முறை. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில், "க"வை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அக்கா அடிப்பது பழைய டைப்ரைட்டர் முறை. இரண்டும் லினக்ஸில் இருக்கின்றன. விசைப்பலகை முறையை மாற்றித் தருகிற ஐபஸ் என்று ஒன்று, அதற்குள் எம்17என் என்ற தொகுப்பு, அதில் தமிழ்99, டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட், அஞ்சல் மாதிரி ஒலிபெயர்ப்பு எல்லாம் வரிசையாக. எனக்கு ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டது. அக்காவுக்கு இரண்டு மூன்று குறிகள் பழைய இடத்தில் இல்லை, ரூபாய்க் குறி எங்கே என்றே தெரியவில்லை. பத்திரம் அடிக்கிற இடத்தில் ரூபாய்க் குறி இல்லாமல் என்ன செய்வது?

இங்கேதான் எனக்கு ஒரு சின்ன அதிர்ச்சி, நல்ல அதிர்ச்சி. அந்த விசைப்பலகைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தேடிப் போனால், அது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேட் மாதிரி ஒன்றில் திறந்தால் அடைப்புக்குறிக்குள் இடது பக்கம் விசை, வலது பக்கம் எழுத்து. ஒரு வரிக்கு ஒன்றாக அ, ஆ, கி, கூ என்று நம் எழுத்து அத்தனையும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதை என் கோப்புறைக்கு நகலெடுத்து, அக்கா எப்போதும் தொடாத ஒரு விசைக்கு ₹ என்று ஒரு வரி சேர்த்து, இடம் மாறியிருந்த குறிகளை அவர் கை போகிற இடத்துக்கே மாற்றிவைத்து, கணினியில் லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தோம். அக்கா அந்த விசையைத் தட்டினார். ₹ விழுந்தது. இன்னொரு முறை தட்டினார். "நீங்களாவா மாத்துனீங்க?" என்று கேட்டார், கேட்டுவிட்டு ஒரு முழு வரிக்கு ₹₹₹₹ என்று அடித்துப் பார்த்தார். கட்டற்றது என்பதைப் பற்றி இதற்கு முன் படித்த எதுவும் அந்த ஒரு வரி மாதிரி எனக்கு உறைக்கவில்லை.

அடுத்தது எழுத்துரு. இதில்தான் ஜூலை முழுசும் போனது.

விண்டோஸில் தமிழ் என்றால் லதா, இல்லாவிட்டால் நிர்மலா. வாடிக்கையாளர் அனுப்புகிற கோப்புகள் எல்லாம் இந்த இரண்டில்தான் வரும். இவை விண்டோஸோடு வருபவை, மின்டில் கிடையாது. அதனால் வேர்டுக்குப் பதிலாக இங்கே இருக்கிற லிப்ரெஆபீஸ் தானாகவே நோட்டோவையோ லோஹித்தையோ எடுத்துப் போட்டுக்கொள்ளும். படிக்க ஒரு குறையும் இல்லை, பார்க்கப்போனால் நோட்டோ இன்னும் லட்சணமாக இருக்கிறது, ஆனால் வரியின் உயரமும் எழுத்தின் அகலமும் வேறு. 148 பக்கப் பயிற்சிக் கையேடு ஒன்று என் திரையில் 161 பக்கமாக விரிந்தது. பொருளடக்கம் கந்தல். வாடிக்கையாளரிடம் திரும்பப் போனால் அங்கே அது மறுபடி 148, என் பக்க எண்களை வைத்து நான் எழுதியிருந்த குறிப்புகள் எதுவும் ஒட்டவில்லை. அவர் ஃபோனில், "சார், 155-ஆம் பக்கம்னு எழுதியிருக்கீங்க, எங்ககிட்ட 148-தான் இருக்கு" என்றபோது எனக்குப் பதில் வரவில்லை.

இன்னொரு பொறி உண்டு, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. லிப்ரெஆபீஸில் ஒரே ஸ்டைலுக்குள் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் மாதிரி சிக்கலான எழுத்துகளுக்கு இன்னொரு எழுத்துரு என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. ஸ்டைலில் அளவை 12 என்று மாற்றுகிறேன், ஆங்கிலச் சொற்கள் மட்டும் பெரிதாகின்றன, தமிழ் அப்படியே கிடக்கிறது. 14 என்று வைத்தேன், ஆங்கிலம் இன்னும் பெருத்தது. அரை நாள் திட்டிக்கொண்டிருந்துவிட்டு, அமைப்புகளில் மொழிப் பிரிவுக்குப் போய் சிக்கலான எழுத்து அமைப்பு என்ற கட்டத்தில் டிக் போட்டு, அங்கே தமிழைத் தேர்ந்தெடுத்ததும் எல்லாம் வரிசைக்கு வந்தது. இப்போது நினைத்தால் அது நல்ல ஏற்பாடு. ஆங்கிலம் ஒரு அளவு, தமிழ் அதைவிட ஒரு புள்ளி சின்னது என்று வைத்தால்தான் பக்கம் கண்ணுக்கு இதமாக இருக்கும், முன்பு இதைக் கையால் செய்துகொண்டிருந்தேன்.

எழுத்துருச் சண்டைக்கு நான் கண்ட தீர்வு தொழில்நுட்பம் கிடையாது, பேச்சு. வழக்கமான ஆறு வாடிக்கையாளர்களிடமும் நோட்டோவையோ முக்தா மலரையோ இறக்கிக்கொள்ளச் சொன்னேன், இரண்டும் எந்தக் கணினியிலும் போடலாம், காசில்லை. நாலு பேர் செய்தார்கள். ஒருவருக்கு டாக்எக்ஸோடு பிடிஎஃபும் சேர்த்து அனுப்புகிறேன். இன்னொருவர் அலுவலகத்தில் எதையும் இறக்க அனுமதி இல்லையாம். அவருக்கு மட்டும் பக்க எண்ணே போடாமல் தலைப்பைச் சொல்லிக் குறிப்பு எழுதுகிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. எங்களுக்குக் கூலி சொல் கணக்கில். வேர்டு ஒரு கணக்குச் சொல்கிறது, லிப்ரெஆபீஸ் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறது. காரணம், இடைவெளி விடாமல் நீளக் கோடு போட்டு ஒட்டியிருக்கும் இரண்டு சொல்லை லிப்ரெஆபீஸ் இரண்டாக எண்ணும், வேர்டு ஒன்றாக எண்ணும். ஆங்கிலத் தீர்ப்புகளில் கோடு சர்வசாதாரணம். ஒரு பில்லில் 38 சொல் வித்தியாசம் வந்து, வாடிக்கையாளர் கணக்கைக் கேட்க, நான் விளக்கப்போய், கடைசியில் அவர் கணக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மனசளவில் என் கணக்குத்தான் சரி.

பிரிண்டர். இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது. ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் அலுவலகம் என்று எங்கே பார்த்தாலும் உட்கார்ந்திருக்குமே, குட்டி லேசர் பிரிண்டர், அந்த ரகம். விலை குறைவு, டோனரை நிரப்பி நிரப்பி ஓட்டலாம், அடித்தாலும் உதைத்தாலும் சாகாது. அது ஏன் விலை குறைவு என்பது லினக்ஸுக்கு வந்தபிறகுதான் புரிந்தது. பக்கத்தைப் புள்ளிகளாக வரைகிற மூளை அதற்குள் கிடையாது, அந்த வேலையைக் கணினியில் உள்ள டிரைவர் செய்து, கம்பெனிக்கு மட்டுமே தெரிந்த மொழியில் அனுப்ப வேண்டும். போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் மாதிரி பொது மொழி புரிகிற பிரிண்டர்களும், டிரைவரே கேட்காத புதிய நெட்வொர்க் பிரிண்டர்களும் லினக்ஸில் செருகியதும் ஓடுகின்றன. என்னுடையது முதல் பக்கத்தை அச்சடித்துவிட்டு நிற்கும். அணைத்துப் போட்டால் அடுத்த பக்கம். முப்பது பக்கத் தீர்ப்புக்கு முப்பது முறை அணைத்துப் போடுவதா? ஊர்பேர் தெரியாத நல்லவர்கள் எழுதிவைத்த மாற்று டிரைவரையும் முயன்றேன், பரவாயில்லை, ஆனால் நாளுக்கு ஒரு முறை கோபித்துக்கொள்ளும். ஆகஸ்டில் பிடிஎஃபைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு கீழே ஜெராக்ஸ் கடைக்கு நடந்த நடையில் முழங்கால் வலியே வந்துவிட்டது. கடைசியில் பழைய பிரிண்டரை விற்றுவிட்டு, போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரிந்த, ஒரு கம்பெனி கழித்துப்போட்ட செகண்ட்ஹேண்ட் ஒன்றை வாங்கினேன். ஆக, இலவச மென்பொருளுக்கு மாறியதில் கையிலிருந்து போன காசு அதுதான், பட்டன் செல்லைச் சேர்க்காமல்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு, விண்டோஸை நான் திறந்தே மூன்று வாரம் ஆகிவிட்டது என்று பெருமையாக உணர்ந்து, அந்தப் பகுதியை அழித்து இடத்தை மின்டுக்குக் கொடுத்தேன். அதற்குமுன் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்துக்கொண்டேன், இரண்டு முறை சரிபார்த்தேன். திங்கட்கிழமை ஒரு தீர்ப்பை ஆரம்பித்து "உநீ" என்று அடித்து ஸ்பேஸ் தட்டினேன். "உநீ" என்றே நின்றது. அது "உயர் நீதிமன்றம்" என்று விரிய வேண்டும். "எமம" என்றால் "எதிர்மனுதாரர்". இப்படிப் பதினோரு வருடமாக வேர்டின் ஆட்டோகரெக்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்த சுருக்கங்கள், எத்தனை என்று எண்ணியதே இல்லை, அவை டாக்குமென்ட்ஸில் இல்லாமல் ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் இருந்திருக்கின்றன. போயே போயிற்று. இதற்கு லினக்ஸையும் குற்றம் சொல்ல முடியாது, விண்டோஸையும் சொல்ல முடியாது. மாறப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான யோசனை இதுதான்: அழிக்கிற பகுதியை அழிக்காமல் இன்னொரு மூன்று மாதம் சும்மா விடுங்கள், அது சோறா கேட்கிறது?

எல்லோரையும் மாறச் சொல்லவும் நான் தயாரில்லை. ஆடிட்டர் நண்பர் ஒருவர் என் மிஷின் வேகத்தைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டார், நானே வேண்டாம் என்றேன். அவர் பிழைப்பு டேலி, அது விண்டோஸுக்காகச் செய்தது. வருமான வரிக்கான எக்செல் படிவங்கள் மேக்ரோவை நம்பி ஓடுபவை, லிப்ரெஆபீஸில் முரண்டு பிடிக்கும். மாதம் இருபதாம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிற அவசரத்தில் இதெல்லாம் அவருக்கு எதற்கு? வீட்டில் பிள்ளைகளுக்கு இருக்கும் பழைய லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன், சந்தோஷமாக இருக்கிறார்கள்.

புத்தக லேஅவுட்டுக்கு இப்போது ஸ்க்ரைபஸ். இதையும் பல வருடத்துக்கு முன் ஒரு முறை தொட்டுவிட்டு ஓடிவந்தவன்தான். அன்றைக்கு "கெ" என்று அடித்தால் கொம்பு பின்னால் போய் நின்றது, கொம்பில்லாத தமிழில் யார் புத்தகம் போடுவது? இப்போதைய 1.6 பதிப்பில் எழுத்தெல்லாம் ஒழுங்காகச் சேர்கிறது. இன்டிசைனில் இருக்கும் நகாசு கிடையாது, அடிக்குறிப்புக்குக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். கவிதைத் தொகுப்பும் சிறுகதையும் என்றால் தாராளம்.

தீராத சங்கதி பழைய கோப்புகள். 2009-ல் நாங்கள் செய்து கொடுத்த உள்ளூர் வரலாற்று நூல் ஒன்றை மறுபதிப்புப் போடவேண்டும் என்று பதிப்பகத்தார் போன வாரம் வந்தார். பேஜ்மேக்கர் கோப்பு, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. அதற்காகவே ஒரு பழைய லேப்டாப்பை இணையம் இல்லாமல் மூலையில் வைத்திருக்கிறேன், பேட்டரி செத்து, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அதில் திறந்து உரையை மட்டும் வெளியே எடுத்து, மின்டில் கொண்டுவந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் பழைய குறியாக்கங்களை யூனிகோடாக்கும் பகுதி இருக்கிறது, கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் இதழைப் படித்துப் படித்து டெர்மினலைப் பார்த்தால் கை நடுங்காத அளவுக்கு இப்போது வந்திருக்கிறேன், அதில் ஓட்டியதும் ஒன்பது அத்தியாயம் தமிழாக எழுந்து நின்றது. மூன்று அத்தியாயத்துக் கோப்பே கெட்டுப்போயிருந்தது. அச்சான புத்தகத்தை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கிற டெசராக்டில் கொடுத்தோம். மோசமில்லை, ஆனால் "ர"வும் காலும் அதற்குக் குழப்பம், பழைய தாளில் இருந்த பூச்சி ஓட்டையை எல்லாம் புள்ளி வைத்து மெய்யெழுத்தாக்கியிருக்கிறது.

அக்கா முதல் இரண்டு பக்கத்தைப் படித்துப் பார்த்தார். "இதைத் திருத்துற நேரத்துக்கு நான் முழுசா அடிச்சிருவேன் தம்பி" என்றார். திங்கட்கிழமை ஆரம்பிக்கிறார்.